மாசு நீக்க ஒரு மாசு

(மேனிலை முதலாண்டு, அறிவியல் பிரிவு மாணவியர் எண்மர்)

கதிரவனை வேலை வாங்குவதில் நம் வடசென்னைக்கு நிகர் வடசென்னையே! காசிமேட்டில் நெத்திலியும் வாளையும் வெயிலில்தான் கருவாடாகின்றன. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் முன்னாளில் கடல்நீர் பாத்திகளில் காய்ந்து உப்பாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துத் தந்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. அவர்கள் துணியைத் துவைத்து விரித்துவிட்டு, மீதி வேலையை வெயிலிடம் ஒப்படைத்தார்கள். துணியின் கறையைப் போக்கும் வெயில், தண்ணீரின் கறையையும் போக்குமா? போக்கும் என்கிறது வேதியியல். ஆனால் அதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணைக்கு ஒளிவினையூக்கி என்று பெயர். அப்படி ஒன்றை நாங்கள் எங்கள் கைகளாலேயே செய்து பார்த்த அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் எண்மர். இராயபுரத்தார் மூவர், திருவொற்றியூரார் மூவர், எண்ணூரார் இருவர். நம் பள்ளியில் படித்து, இன்று நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வு மாணவியாக இருக்கும் அக்கா ஒருவருக்கு எங்கள் வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரி கடிதம் எழுதினார். "வேடிக்கை பார்க்க வருவதானால் ஒரு நாள் போதும். வேலை செய்ய வருவதானால் மூன்று வாரம் வரட்டும்" என்று பதில் வந்தது. பெற்றோரிடம் அனுமதி பெற்று, கோடை விடுமுறையில் மூன்று வாரம் சென்றோம்.

இந்த ஆய்வில் எங்களுக்கு இத்தனை ஆவல் வரக் காரணம் உண்டு. நாங்கள் வளர்ந்த இடம் அப்படி! பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் உள்ள பாலங்களைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது எங்களுக்குச் சிறு வயதுப் பழக்கம். 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் பாறைகளின் இடுக்குகளில் தேங்கிய எண்ணெயை ஆட்கள் வாளி வாளியாக அள்ளியது எங்களில் சிலருக்கு இன்றும் நினைவிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் கறுப்புக் கோடு. படகின் மேலும் வலையின் மேலும் கறுப்புப் பிசின். எங்களில் ஒருத்தியின் தந்தைக்குப் பல நாள் தொழில் இல்லை. ஆகவே, "வெயிலைக் கொண்டே நீரைத் தூய்மையாக்கலாம்" என்று வகுப்பில் கேள்விப்பட்டபோது, அது எங்களுக்குத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் தோன்றவில்லை.

ஒளிவினையூக்கிகளில் மிகவும் பெயர் பெற்றது டைட்டானியம் டை ஆக்ஸைடு. பெயர் பெரிது, பொருளோ நமக்கு அன்றாடம் பழக்கமானது. வெள்ளைப் பெயிண்ட், பற்பசை, முகப்பவுடர் ஆகியவற்றின் வெண்மை பெரும்பாலும் இதனால் வருவதே. பெயிண்ட் அடித்துப் பல ஆண்டு வெயிலில் கிடந்த படகின் மேல் கை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு போல் வெள்ளைப் பொடி கையில் ஒட்டும். அதற்குக் காரணம் வெயிலும் இந்த டைட்டானியம் டை ஆக்ஸைடும் கூட்டுச் சேர்ந்து பெயிண்டின் பிசினைச் சிறுகச் சிறுக அரித்துவிடுவதே! பெயிண்ட் தொழிலார் இதைப் பெரிய குறையாக எண்ணி, ஒவ்வொரு துகளின் மேலும் சிலிக்கா, அலுமினா போன்றவற்றால் மெல்லிய உறையிட்டுத் தடுக்கிறார்கள். ஆனால் பெயிண்டுக்குக் குறையானது, அழுக்கு நீருக்கு நன்மையாகலாம் அல்லவா? 1972இல் ஜப்பானிய அறிஞர்கள் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்ஸைடு மின்வாயில் நீர் பிரிகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகே உலகத்தின் கண்கள் இப்பொருளின் மேல் திரும்பின.

இதன் செயலை அக்கா எங்களுக்கு மாடி வீட்டை வைத்து விளக்கினார். இப்பொருள் ஒரு குறைகடத்தி. அதன் எலக்ட்ரான்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கின்றன. மேல்தளம் காலியாக இருக்கிறது. நடுவே உள்ள உயரம் 3.2 எலக்ட்ரான் வோல்ட். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது. கீழே அதன் இடம் வெற்றிடமாகிறது. அவ்வெற்றிடம் நீரிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்பு பிறக்கிறது. மேலே சென்ற எலக்ட்ரானோ நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டு வழியிலும் பிறப்பவை பொல்லாத பசிக்காரர்கள்! அருகிலுள்ள சாயம், எண்ணெய், பீனால் எதுவானாலும் கடித்துக் கடித்து, கடைசியில் கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் ஆக்கிவிடும். வினையூக்கி மட்டும் செலவாகாமல் நிற்கும்.

இவ்வளவு நல்ல பொருளில் ஒரு குறை. 3.2 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தைத் தாவ, ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் அதன் பங்கு 5 விழுக்காட்டை ஒட்டியதே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கோ பாதியை நெருங்குகிறது. பந்தி நிறையச் சோறு இருக்க, ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்துவிடும் விருந்தாளியைப் போன்றது வெள்ளை டைட்டானியம் டை ஆக்ஸைடு!

அதைச் சோறு உண்ண வைக்கும் வழிகளில் ஒன்றுதான் உலோகம் சேர்த்தல். இதற்கு நம் இயற்பியல் பாடநூல் தந்திருக்கும் பெயரைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மாசூட்டல்! ஒரு குறைகடத்தியில் வேண்டுமென்றே வேற்று அணுக்களைச் சிறிதளவு சேர்ப்பது மாசூட்டல். மாசை நீக்க வேண்டுமானால், நீக்கும் பொருளில் முதலில் ஒரு மாசைச் சேர்க்க வேண்டும் என்பது வேடிக்கையாக இல்லையா?

நாங்கள் சேர்த்த மாசு இரும்பு. இரும்பு அயனியின் பருமன் டைட்டானியம் அயனியின் பருமனை ஏறத்தாழ ஒத்திருப்பதால், அது படிகத்தில் டைட்டானியத்தின் இருக்கையிலேயே அமர்ந்துகொள்ள முடிகிறது. அமர்ந்ததும், இரண்டு தளங்களுக்கும் நடுவே ஒரு படி உண்டாகிறது. ஒரே தாவலில் ஏற முடியாத எலக்ட்ரான் இப்போது குறைந்த ஆற்றலுள்ள ஒளியைக் கொண்டே ஏறிவிடுகிறது. வெண்பொடி இளமஞ்சளாக மாறுவது இதற்கு அடையாளம். நிறம் தெரிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை அது உண்ணத் தொடங்கிவிட்டது என்றுதானே பொருள்!

இங்கே ஒரு செய்தியை அருட்சகோதரி எங்களுக்கு நினைவூட்டினார். டைட்டானியம் எங்கிருந்தோ வருவதன்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்னும் கனிமமாகக் கிடக்கிறது. இல்மனைட்டில் டைட்டானியமும் இரும்பும் கூடப் பிறந்தவர்களைப் போல் சேர்ந்தே இருக்கின்றன. தொழிற்சாலைகளில் அமிலம் கொண்டும் குளோரின் கொண்டும் இரும்பைப் பாடுபட்டு விலக்கினால்தான் பளிச்சென்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். அப்படி விலக்கிய இரும்பை, நாங்கள் ஆய்வகத்தில் இம்மியளவு திரும்பச் சேர்த்தோம்!

இனி, செய்த விதம். முதல் நாள் முழுவதும் கண்ணாடிக் கலங்களைக் கழுவி உலர்த்துவதிலேயே கழிந்தது. "கழுவினால் மட்டும் போதாது, துளி ஈரம் இருக்கக் கூடாது" என்றார் அக்கா. எங்கள் மூலப்பொருள் டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு என்னும் நீர்மம். அதன் ஒரு துளியை ஈரக் கண்ணாடியின் மேல் விட்டுக் காட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் அது சுண்ணாம்புப் புள்ளியாயிற்று. நம் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சம் ஏது? ஆகவே புட்டியைத் திறப்பதும் அளப்பதும் மூடுவதும் மின்னலைப் போல் நடக்க வேண்டும்.

நீர்மத்தில் 10 மில்லி லிட்டர் எடுத்து எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, வினை நிதானமாக நடக்கச் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்தோம். வேறொரு குடுவையில் ஃபெரிக் நைட்ரேட்டை நீரும் ஆல்கஹாலும் கலந்த கலவையில் கரைத்தோம். எவ்வளவு ஃபெரிக் நைட்ரேட்? அதைக் கணக்கிடும் பொறுப்பை அக்கா எங்களிடமே விட்டார். நூறு டைட்டானியம் அணுக்களுக்கு அரை இரும்பு அணு, அதாவது 0.5 விழுக்காடு வேண்டும். மோல் கணக்குப் போட்டுப் பார்த்தால் 68 மில்லி கிராம் வந்தது. சாம்பாரில் இடும் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் கூட அதைவிட எடை மிகுந்தது! அதைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட, காந்தக் கலக்கி சுழன்றுகொண்டே இருந்தது. தெளிந்த நீர்மம் மெல்லக் கெட்டிப்பட்டு, விருந்துக்குக் காய்ச்சும் கடற்பாசியைப் போல் தளதளவென்று நின்றது. அதை ஓரிரவு அப்படியே விட்டு, மறுநாள் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, கல்வத்தில் அரைத்து, உலையில் 450 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தோம். கிடைத்தது ஏறத்தாழ 2.7 கிராம். மூன்று நாள் உழைப்பு ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிட்டது!

உலையின் வெப்பமும் முக்கியம். குறைந்தால் படிகம் உருவாகாது. மிகுந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, அனடேஸ் என்னும் அமைப்பிலிருந்து ரூட்டைல் என்னும் வேறோர் அமைப்புக்கு மாறத் தொடங்கும். அனடேஸ் நிலையில் நுண்துகளாக இருந்தால்தான் வேலை நன்றாக நடக்கும். 20 நானோமீட்டர் துகள்களானால், ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறத்தாழ நாலாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். அத்தகைய பொடி ஒரு கிராமின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் ஏறத்தாழ 77 சதுர மீட்டர் வரும். அதாவது 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடத்தின் தரை! வினை மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஆகவேதான் இவ்வளவு நுண்மை தேவைப்படுகிறது. அதே நுண்மையால் ஆபத்தும் உண்டு. இந்தப் பொடி மூச்சில் கலக்கக் கூடாது. முகமூடியும் கையுறையும் அணியாமல் எங்களை அக்கா மேசைக்கு அருகில் விட்டதில்லை.

இரும்பே சேராத வெள்ளைப் பொடி, 0.5 விழுக்காடு சேர்ந்த இளமஞ்சள் பொடி, 5 விழுக்காடு சேர்ந்த பழுப்புப் பொடி என்று மூன்று வகை செய்துகொண்டோம். பிறகு கல்லூரியின் மொட்டை மாடியில் சோதனை. உயிரியல் ஆய்வகத்தில் கன்னத்துச் செல்களுக்குச் சாயமேற்ற நாம் பயன்படுத்தும் மெத்திலீன் நீலத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். ஐந்து குடுவைகள். முதலாவதில் சாயம் மட்டும். இரண்டாவதில் சாயமும் இளமஞ்சள் பொடியும். ஆனால் கறுப்புத் தாள் சுற்றி இருட்டாக்கியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குடுவைகளில் முறையே வெள்ளை, இளமஞ்சள், பழுப்புப் பொடிகள்.

எல்லாக் குடுவைகளையும் முதலில் அரை மணி நேரம் இருட்டில் வைத்தோம். "வெயிலில் செய்யும் சோதனைக்கு இருட்டு எதற்கு?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி என்றார் அக்கா. பொடியின் மேல் சாயம் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் நீரின் நிறம் குறையும். ஒட்டியதைச் சிதைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஒட்டுவது எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு குறையும் நிறத்தையே ஒளியின் கணக்கில் எழுத வேண்டும். இருட்டுக் குடுவையில் நிறம் முதலில் சற்றுக் குறைந்து, அதோடு நின்றது. அதைக் கண்ட பிறகே வெயிலுக்குச் சென்றோம்.

மே மாதத்து நண்பகல். கால் சுடும் தரை. முறை வைத்துக் கண்ணாடிக் கோலால் கலக்கினோம். கால் மணிக்கு ஒருமுறை சிறிது எடுத்து, மையவிலக்கில் பொடியைப் பிரித்து, நிறத்தின் அடர்த்தியை நிறமாலைமானியில் அளந்தோம். இளமஞ்சள் பொடியின் குடுவை எல்லாவற்றுக்கும் முன்னே வெளிறியது. வெள்ளை அதற்கு அடுத்து. பழுப்போ கடைசியில் நின்றது! இரும்பு மிகுந்தால் வேலையும் மிகுந்திருக்க வேண்டாமா? அக்கா மீண்டும் மாடி வீட்டுக்கு வந்தார். நடுவே படி வைத்தால் ஏறுவது எளிது. ஆனால் அதே படி இறங்கவும் உதவும்! படிகள் மிகுந்தால், மேலே சென்ற எலக்ட்ரான் வேலை செய்யாமலே வீடு திரும்பிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது அணுவுக்கும் பொருந்துகிறது.

இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சோய், டெர்மின், ஹாஃப்மன் ஆகியோர் 1994இல் 21 உலோக அயனிகளைத் தனித்தனியே சேர்த்துப் பார்த்தனர். இரும்பு, மாலிப்டினம், ருதீனியம், வனேடியம் முதலியவை 0.1 முதல் 0.5 விழுக்காடு வரை சேர்ந்தபோது வினைத்திறனைப் பெரிதும் கூட்டின. கோபால்ட்டும் அலுமினியமும் குறைத்தன. நம் சென்னையிலும் இத்துறையில் உழைத்தவர்கள் பலர். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. முருகேசன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாயத்தை வெயிலில் சிதைப்பதில் டைட்டானியம் டை ஆக்ஸைடைவிட ஜிங்க் ஆக்ஸைடு முந்தியதைக் காட்டினர். 2004இல் பிளாட்டினம், தங்கம், பல்லேடியம் ஆகியவற்றை டைட்டானியம் டை ஆக்ஸைடின் மேற்பரப்பில் படியவைத்து, தோலுக்கு ஏற்றும் ஒரு பச்சைச் சாயத்தைச் சிதைத்தனர். தங்கம் நகைக்கு மட்டுமே என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது புதுமையாக இருந்தது. ஆனால் தங்கத்துக்குப் பதில் இரும்பு உதவுமானால், ஏழை ஊருக்கு அது அல்லவா ஏற்றது!

மூன்றாம் வாரம்தான் எங்களுக்கு மிகுந்த பாடம் கற்பித்தது. வெயிலில் புற ஊதாவும் இருக்கிறது. ஆகவே இளமஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் பயன்படுத்தியது என்பதற்கு என்ன சான்று? புற ஊதாவைத் தடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இரட்டைச் சுவருள்ள கண்ணாடிக் கலத்தின் சுவர்களுக்கு நடுவே சோடியம் நைட்ரைட்டுக் கரைசலை நிரப்பினால், அது புற ஊதாவை விழுங்கிக்கொண்டு மற்ற ஒளியை உள்ளே விடும். அப்படி வைத்தபோது இளமஞ்சள் பொடியின் குடுவை வெளிறியது. வெள்ளைப் பொடியின் குடுவையும் சற்று வெளிறியது! புற ஊதா இல்லாமல் வெள்ளைப் பொடிக்கு வேலை ஏது?

காரணம் சாயத்திலேயே இருந்தது. மெத்திலீன் நீலம் தானே ஒளியை உண்ணும் பொருள். அதனால்தான் அதற்கு நிறம். அது உண்ட ஒளியால் எழுந்த எலக்ட்ரானைப் பக்கத்துப் பொடிக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதைகிறது. ஆகவே சாயம் வெளுப்பதை மட்டும் வைத்து, பொடி கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது என்று தீர்ப்பு எழுத முடியாது. நிறமில்லாத ஒரு பொருளைக் கொண்டு சோதிக்க வேண்டும். அக்கா பீனாலைத் தேர்ந்தார். அது தோலைப் பொசுக்கும் நஞ்சு என்பதால் அதைத் தாமே கையாண்டார், நாங்கள் குறிப்பெடுத்தோம். இம்முறை வெள்ளைப் பொடி அசையவில்லை. இளமஞ்சள் பொடி மெல்ல, மிக மெல்ல, பீனாலைக் குறைத்தது. சாயத்தில் கண்ட வேகம் இதில் இல்லை. ஆனால் இந்த மெதுவான வேலைதான் இரும்பின் உண்மையான வேலை.

இன்னொரு சோதனையும் மீதி இருந்தது. முழு வெயிலில் வெளிறித் தண்ணீரைப் போல் தெளிந்து நின்ற குடுவையிலிருந்து சிறிது எடுத்து, மொத்தக் கரிமக் கார்பனை அளக்கும் கருவியுள்ள வேறோர் ஆய்வகத்துக்கு அக்கா அனுப்பினார். நிறம் ஏறக்குறைய முற்றும் போயிருந்தது. ஆனால் கார்பனில் பெரும்பங்கு இன்னும் நீரிலேயே இருந்தது! நிறம் தரும் பகுதி முதலில் உடைந்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் நிறமற்றவையாக நீரில் உலவுகின்றன. அவையும் சிதைய மேலும் பல மணி நேரம் வெயில் வேண்டும்.

அன்று மாலை எங்களில் ஒருத்தி இதைத் தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஆயா காசிமேட்டில் நெடுங்காலம் மீன் விற்றவர். கேட்டுவிட்டு, "இதுக்கா இம்மாம் படிப்பு? மேலே பளபளன்னு இருந்தா மீனு நல்ல மீனா? செவுளத் தூக்கிப் பாரு!" என்றாராம். மறுநாள் அதை அக்காவிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.

கடைசி நாளன்று, எண்ணூரிலிருந்து வரும் எங்கள் தோழி மூன்று வாரமாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டாள். "அக்கா, இந்தப் பொடியை மூட்டை மூட்டையாகச் செய்து எங்கள் முகத்துவாரத்தில் தூவினால் என்ன? வெயில்தான் நிறைய இருக்கிறதே!" வெள்ளத்தில் எண்ணெய் படிந்த படகு அவள் தந்தையுடையதே. அக்கா உடனே பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார்.

கலங்கிய நீரில் ஒளி ஆழமாக இறங்காது. தடித்த எண்ணெய்ப் படலத்தின் கீழும் இறங்காது. கடல் கலந்த நீரிலுள்ள குளோரைடும் பைகார்பனேட்டும் அந்தப் பசிக்காரத் தனியுறுப்புகளைத் தாமே விழுங்கிவிடும். நிலக்கரிச் சாம்பலை ஒளி ஒன்றும் செய்ய முடியாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தனிமங்கள்; அவற்றை எந்த வினையூக்கியும் அழிக்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தூவிய பொடியைத் திரும்ப அள்ள முடியாது. அது இறாலின் வயிற்றிலும் மட்டியின் வயிற்றிலும் போய்ச் சேரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் செல்லும் டைட்டானியம் டை ஆக்ஸைடுத் தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. நீரைக் கழுவப் போய், நாமே புதியதொரு மாசைக் கொட்டியவர்கள் ஆவோம்.

"அப்படியானால் இது எதற்கு அக்கா?" என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது. எங்களுக்கும் நெஞ்சு கனத்தது.

"ஆற்றுக்கு வந்துவிட்ட பிறகு இது உதவாது. ஆற்றுக்கு வரும் முன் உதவும்" என்றார் அக்கா. சாயப்பட்டறையிலும் தோல் பதனிடும் இடத்திலும் கழிவுநீரை முதலில் தெளியவைத்து, வடிகட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்த பிறகும், நுண்ணுயிரால் தின்ன முடியாத சில பொருள்கள் சிறிதளவு எஞ்சும். அந்தக் கடைசிக் கட்டத்துத் தெளிந்த நீரை, இப்பொடி ஒட்டிய கண்ணாடித் தட்டுகளின் மேல் மெல்லியதாக வெயிலில் ஓடவிட்டால், எஞ்சியதைச் சிதைக்கலாம். பொடி தட்டிலேயே நிற்பதால் நீரோடு போகாது. மின்சாரச் செலவும் குறையும். ஆனால் இதற்கெல்லாம் முன்னே, குழாயின் மறுமுனையில் இருப்பவர் கழிவைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடாமல் இருக்க வேண்டும். அதற்கு வேதியியலில் மருந்து இல்லை. மனச்சான்றும் சட்டமும் விழிப்புள்ள ஊராரும்தான் மருந்து.

எங்கள் தோழி சற்று நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிலிருந்ததை ஒரு வரி விடாமல் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டோம். "எங்கள் ஊருக்கு நாளைக்கு யாராவது ஒரு பொடியைக் கொண்டுவந்து, 'இதைத் தூவினால் சரியாகிவிடும்' என்று சொன்னால், கேட்பதற்குக் கேள்விகள் வேண்டாமா?" என்றாள். நாங்கள் எழுவரும் அவளிடமிருந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

தங்கைகளே! இவ்வேலை முடிந்துவிடவில்லை. உங்களுக்காக இரண்டு விட்டு வைத்திருக்கிறோம். ஒன்று, பொடியைக் கண்ணாடியின் மேல் உதிராமல் ஒட்டவைப்பது. எங்கள் தட்டில் மூன்றாம் முறை கழுவும்போது அது உதிரத் தொடங்கியது. மற்றொன்று, வாலைவடி நீரில் செய்ததை எல்லாம் நம் ஊர் நீரில் செய்து பார்ப்பது. அங்கே வேகம் குறையும் என்று அக்கா சொல்கிறார். எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். இருட்டுக் குடுவையை மறவாதீர்கள். நிறம் போனதும் எழுந்துவிடாதீர்கள். ஆயா சொன்னதுபோல் செவுளைத் தூக்கிப் பாருங்கள்.

எங்கள் அளவுகளும் கணக்குகளும் அடங்கிய நீல அட்டைக் குறிப்பேடு பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. மூன்று பொடிகளும் பெயர் எழுதிய சிறு புட்டிகளில் அதன் பக்கத்திலேயே உள்ளன. கையுறை அணிந்து எடுக்கவும்.